செம்பை நான் நம்பவில்லை

இந்தக் காலத்து ஆட்கள் செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். போட்டுப் பார்த்து, நடந்து பார்த்து, கட்டைவிரலைக் கடிக்கிறது என்று கழற்றி வைக்கிறார்கள். மருந்து என்று வந்தால் மட்டும் அடுத்தவர் விழுங்குவதையே வாங்கி விழுங்குகிறார்கள். கேட்டால், அவளுக்கு ஒத்துக்கொண்டதே என்பார்கள்.

என் மகளின் மாமியார் வீட்டில் அதுதான் நடந்தது. மூத்த மருமகள் ஆறு வருஷமாகக் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டுக் குண்டுக்கல் மாதிரி இருக்கிறாள். ஆகவே சம்பந்தியம்மா மாதாமாதம் இரண்டு அட்டை வாங்கி, மூத்தவளுக்கு ஒன்று, என் மகளுக்கு ஒன்று என்று பங்கு வைத்தார். சோப்புக் கட்டி பங்கு வைப்பது போல.

மூன்றாம் மாதம் மகளுக்குத் தலைவலி. வெறும் தலைவலி இல்லை. முதலில் கண்ணோரம் வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடும், பாதிப் பார்வை போகும், பிறகு மண்டை பிளக்கும். அவளோ தையல் கம்பெனியில் துணி வெட்டும் மெஷினில் நிற்கிறவள். நூறு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில் அறுக்கும் கத்தி. ஒரு நாள் கத்தி எங்கே, தன் விரல் எங்கே என்று தெரியாமல் மெஷினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போகப் போகப் பழகிவிடும் என்றார் சம்பந்தியம்மா.

மகள் அட்டையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். என்னைக் கூப்பிட்டது மூன்று வயசுப் பேத்தியைத் தூக்கிக்கொள்ள. வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வண்டியில் பின்னாலேயே வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரிக்காரர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நாம் வாயைத் திறப்பதற்குள் சீட்டு எழுதி முடித்துவிடுவார்கள். இந்த நர்ஸம்மா பேனாவைத் தொடவில்லை. பிரஷர் பார்த்தாள். வெளிச்சம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள். இப்படித் தலைவலி வருகிறவர்கள் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது, பக்கவாதம் வரைக்கும் போகலாம் என்றாள். பேத்தியின் பாரம் எனக்குத் திடீரென்று கூடிவிட்டது.

பிறகு மேஜைமேல் ஒவ்வொன்றாக வைத்தாள். ஆணுறை, ஊசி, வேறு வகை மாத்திரை, தோலுக்கடியில் வைக்கும் குச்சி, கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர் டி. மகள் எல்லாவற்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டாள். ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? ஊசி போட்டால் மூன்று மாதத்துக்கு உடம்பிலிருந்து எடுக்க முடியாது என்றதும் அதைத் தள்ளி வைத்தாள். காப்பர் டி-யில் தலைவலியைக் கிளப்புகிற மருந்து ஏதும் கிடையாது. ஆனால் மாதவிலக்கில் ரத்தம் கூடுதலாகப் போகலாம், வலிக்கலாம், வேண்டாம் என்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றாள் நர்ஸம்மா. மகள் அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் நான். அதில் சுற்றியிருந்த செம்புக் கம்பியைப் பார்த்ததும் வாய் நிற்கவில்லை.

"எத்தன வருஷம் உழைக்கும்மா இது?"

"பத்து வருஷம் வரைக்கும் இருக்கலாங்க, பெரியவரே."

"ஈரத்துல கெடந்தா செம்புல களிம்பு ஏறும். பத்தே வருஷத்துல ஓட்டையான குழாய நான் பாத்திருக்கேன்."

"அது நீங்க போட்ட குழாய்ப்பா," என்றாள் மகள்.

மாப்பிள்ளை என் பேச்சைப் பிடித்துக்கொண்டார். உங்கப்பாவே வேண்டாம் என்கிறார், அம்மாவும் இதற்கு ஒப்ப மாட்டார், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். உங்கள் கையெழுத்தை யாரும் கேட்கவில்லையே என்றாள் நர்ஸம்மா.

மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். "வெளிச்சம் உங்க கண்ணுல அடிக்கல. விரல் என்னுது, ஒடம்பும் என்னுது. ரெண்டு பேரும் வாய மூடுங்க."

என் வாயால் மாப்பிள்ளை கையில் அவளை அடிக்க ஒரு கட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"எனக்கு இந்தச் செம்பு மேல நம்பிக்கை இல்லதான் மாப்ள," என்றேன். "அதுல நீங்க குளிர் காயாதீங்க. அவ வச்சுக்கறது பிடிக்கலன்னா ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்கு. போய்ப் படுங்க. துணைக்கு நான் நிக்கறேன்."

பேர் எழுதட்டுமா என்று நர்ஸம்மா இப்போதுதான் பேனாவை எடுத்தாள். மாப்பிள்ளை வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

கர்ப்பம் இல்லை என்று சோதித்த பிறகு மகள் தனியாக உள்ளே போனாள். திரும்பி வரும்போது அடிவயிற்றைப் பிடித்திருந்தாள், முகம் வெளுத்திருந்தது, தலை மட்டும் குனியவில்லை. ஆறு வாரத்தில் வந்து காட்டச் சொன்ன சீட்டைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டாள். சம்பந்தியம்மாவின் போன் வந்தது. என்ன சொல்வது என்று விழித்த மாப்பிள்ளையிடமிருந்து போனை வாங்கினாள்.

"அத்தை, இனிமே எனக்கு அட்டை வாங்காதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர்கள் வாசலுக்கு நடந்ததும் நான் நர்ஸம்மாவிடம் களிம்பைப் பற்றி இன்னொரு தரம் கேட்டேன். அந்தச் செம்பு உள்ளே துளித்துளியாகக் கரைவதால்தான் வேலை செய்கிறது என்றாள் சிரித்துக்கொண்டே.

கரைகிற செம்பு! குழாய் வேலையில் அதற்குக் கெட்டுப்போனது என்று பெயர். வேலை செய்கிறதாம். பேத்தியை மறு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டியபடி படியிறங்கினேன்.