முப்பத்தொரு பெருவிரல்

1906இல் பதுளைக் கடைவீதியில் எனக்கு ஒரு சிறு துணிக்கடை இருந்தது. ஞாயிறுகளில் துணி மூட்டையோடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போவேன். முஸ்லிம் வியாபாரியான என்னை அங்கே நானா என்று கூப்பிடுவார்கள். அந்த ஞாயிறு மூட்டைக்குள் ஒரு தாளும் இருந்தது. இலங்கைக்கென்று ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்று கேட்கும் மனு. எழுதித் தந்த வக்கீல், புரொக்டர் ஐயா, கடைக்காரர் கையெழுத்து நாற்பது போதும் என்றிருந்தார். கடைவீதியில் யாரிடமும் முதலில் நீட்டக் கூச்சப்பட்டு, அதை ஒரு கையெழுத்தும் இல்லாமலே சுமந்துகொண்டிருந்தேன்.

சேலை பார்த்துக்கொண்டிருந்த இராக்கம்மாவின் கையில் தாள் பட்டது. அவள் தேயிலைக் கொழுந்தெடுப்பவள். அவள் மகள் தனலெட்சுமி தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவது முடித்திருந்தாள்.

"என்னாங்க நானா இது?"

"கொழும்புல பெரிய பள்ளிக்கூடம் ஒன்டு கேட்கிறம் புள்ள. எல்லாப் படிப்புக்கும் மேலே உள்ளது."

"இங்க மூணாவதுக்கு மேல வகுப்பே இல்லீங்களே."

அவள் மேலே மலையைப் பார்த்தாள்.

"மேமலையில தேயில வச்சாங்களே, அதுக்கு முன்னாடி அங்க ஆட்டுப் பாதகூட இல்ல. தேயில வச்சப்பறம் ரோட்ட வெட்டாம இருக்க முடியல. உச்சியில ஒண்ண வைக்கச் சொல்லுங்க நானா. நடுவுல உள்ளத அவுங்களே வெட்டுவாங்க. எம் பேரப் போடுங்க."

நான் பெயரை எழுத, பொதிகளுக்கு எண் போடும் மையைத் தொட்டுப் பக்கத்தில் பெருவிரலை வைத்தாள். அதைப் பார்த்ததும் லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. அங்கே தாளில் பெயர் ஏறினால், வேறு தோட்டத்துக்கு அனுப்பப் போகிறார்கள் என்று பொருள்.

"நானாவும் ஆள் புடிக்க எறங்கிட்டாரா? வெலிமடைப் பக்கமா, தெமோதரைப் பக்கமா?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து முருகையாவின் குரல் கேட்டது. உள்ளே சிரித்தார்கள்.

இராக்கம்மா முற்றத்தில் இறங்கி, இடுப்பில் கை வைத்து, வேலை மேற்பார்க்கும் கங்காணி மாதிரியே கத்தினாள். "பெரட்டு! எல்லாரும் பெரட்டுக்கு வாங்க!"

விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் அந்தப் பெரட்டு, ஞாயிற்றுக்கிழமையில், ஒரு பெண் வாயிலிருந்து! சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"இன்னைக்குக் கங்காணி கூப்புட மாட்டாரு. அவுங்கவுங்க பேர அவுங்கவுங்களே சொல்லணும்."

பெரியாயி சொன்னாள். அழகர் சொன்னான். சிலர் தங்கள் பெயரை உரக்கச் சொல்லிவிட்டு, அது வேறு யாருடையதோ என்பதுபோல் ஒரு கணம் நின்றார்கள். கடைசியாக முருகையா வந்தான். பெருவிரலை மையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"எங்க பேரு நெசமா கொழும்புக்குப் போயிருமில்ல?"

"போகும்" என்றேன். என் வாழ்நாளில் நான் கொடுத்த வாக்குகள் மிகக் குறைவு.

மறுநாள் அதே தாளில், அந்த முப்பத்தொரு பெருவிரல்களுக்குக் கீழேயும் பின்பக்கத்திலும் கடைக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். "துணி விக்கப் போன மனுசன் வெரல் வாங்கிட்டு வந்தீக்கார்" என்று பக்கத்துக் கடை ஸரூக் கேலி செய்தபடியே முதலில் போட்டான்.

பண்டாரவளை போகும் தபால் வண்டி புறப்பட ஒரு மணி நேரம் இருந்தது. புரொக்டர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கைநாட்டுக்காரர் சர்வகலாசாலை கேட்டால் சிரிக்கமாட்டார்களா? இதை விடுங்கள். கடைக்காரர்களிடம் வேறு தாளில் வாங்குங்கள்."

நான் நின்றேன். வழக்கமாக என் மௌனத்துக்குச் சம்மதம் என்றே பொருள் கொள்வார்கள். அதனால் வாய் திறந்தேன்.

"அவங்க பேர் மேலே இருக்கிறது தெரிஞ்சுதான் நாங்க கீழே போட்டம் ஐயா. போகும் என்டு அவங்களுக்குச் சொல்லீக்கிறன்."

"வேற தாள்ல எனக்குக் கை ஓடாது ஐயா" என்றான் வாசலில் நின்ற ஸரூக்.

புரொக்டர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டி, பெயர்களை மேலிருந்து கீழே வாசித்தார். குதிரைகளைப் பூட்டும் சத்தம் கேட்டது. பிறகு தாளைத் திருப்பி, கடைசி வரியில் தன் கையெழுத்தை இட்டு, உறையில் போட்டு ஒட்டினார்.

பதினைந்து வருடங்கள் போயின. விசாரணைகள், அறிக்கைகள், நடுவில் ஒரு யுத்தம். எத்தனையோ ஊர்களிலிருந்து எத்தனையோ மனுக்கள் போயிருக்கும். 1921 ஜனவரியில் கொழும்பில் யுனிவர்சிட்டி காலேஜ் திறந்த செய்தியைப் பத்திரிகையில் மூன்று முறை படித்தேன். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்பிரிங்வெளிக்கு நடந்தேன்.

இராக்கம்மா மேமலையில் கூடையோடு நின்றாள். தலை நரைத்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன். பட்டம் இன்னும் லண்டனிலிருந்துதான் வரும், இது முழுச் சர்வகலாசாலை அல்ல என்பதையும் மறைக்கவில்லை.

"நாத்து வச்சுட்டாங்கல்ல? வளரும்" என்றாள். "தனலெட்சுமி மக இங்க நாலாவது படிக்கிறா நானா. நாலாவது வந்துருச்சு."

அவள் சரிவின் பக்கம் திரும்பி, இடுப்பில் கை வைத்தாள்.

"பெரட்டு! கொழும்புல நாம கேட்டத வச்சுட்டாங்க!"

கீழே தேயிலைச் செடிகளுக்கிடையில் தலைகள் நிமிர்ந்தன. "பெரியாயி!" என்று ஒரு குரல் வந்தது. "அழகர்!" அடுத்த மலையிலிருந்தும் ஒன்று. சற்று இடைவெளி விழுந்தது. முருகையா இறந்து நான்கு வருடமாகியிருந்தது. அவன் மகள் கருப்பம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு, "முருகையா!" என்று மலை அதிரக் கத்தினாள்.

கடைசியில் நானும் என் பெயரைச் சொன்னேன். "ஸமீம்." கொஞ்சம் மெதுவாகத்தான்.