ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும்

1

இந்தக் கதை ஒரு நம்பர் பலகையிலிருந்து பிறந்தது என்று ஆரம்பித்தால் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் வசதி. எங்கள் தெருவில் வோல்க்மார் டீட்யென் வைத்திருக்கும் கூரை திறக்கும் காரின் பலகையில், வலது ஓரத்தில், சின்னதாக 04 என்றும் அதற்குக் கீழே 10 என்றும் பதித்திருக்கும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான் அது சாலையில் ஓடலாம். வரியும் காப்பீடும் அந்த ஏழு மாதத்துக்குத்தான். நவம்பர் பிறந்துவிட்டால் தெருவோரம் நிறுத்தி வைப்பதுகூடக் குற்றம்.

ஆனால் கதை அங்கே பிறக்கவில்லை. எங்கே பிறந்தது என்று சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும். நான்காம் பகுதி வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாடு:

“குளிர்காலத்துக்காக ஒரு காரைத் தூங்கவைப்பது குழந்தையைத் தூங்க—” வேண்டாம். வோல்க்மாரே படித்தால் சிரிப்பார்.

“வடக்கு ஜெர்மனியின் ஈரம் இரும்பைத் தின்னும்.” இது பட்டறைக்காரர் பேச்சு.

“வோல்க்மாருக்கு மனைவியைவிடக் கார்மேல்தான்—” பொய். தெருவே சொல்லும் பொய் என்பதால் எழுதக் கை துறுதுறுத்தது. அடித்துவிட்டேன்.

கடைசியில் இப்படி வந்தது. அக்டோபர் முப்பத்தொன்று, விடுமுறை நாள். வோல்க்மார் காரைக் கழுவினார், துணிக்கூரை ஒரு பொட்டு ஈரமில்லாமல் காயும்வரை காத்திருந்தார். டாங்கை நிரப்பினார், டயர்களில் காற்றைக் கூட்டினார், ரப்பர் விளிம்புகளுக்கு மெழுகு தடவினார். எலி புகாதபடி புகைக்குழாயில் துணி அடைத்தார். கை பிரேக்கைப் போடவில்லை. போட்டால் வசந்தத்துக்குள் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்தார். பிறகு மூடுதுணியை விரித்தார்.

(இதையெல்லாம் ஏன் கடைசி நாளில் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். வரி கட்டிய நாளை வீணாக்க இவர்களுக்கு மனசு வராது. மூடுதுணியை விரிக்க இரண்டு பேர் வேண்டும். மறுமுனையைப் பிடித்தது யார் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள்.)

3

நவம்பர் மூன்று, ஞாயிற்றுக்கிழமை. யாரும் எதிர்பாராத வெயில். சாலையோரப் பீச் மரங்களில் இலையெல்லாம் மஞ்சளாகப் பழுத்திருந்தது. வோல்க்மார் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி கெசீனெ மேலங்கி போட்டு, தலையில் துணி கட்டி வந்து நின்றாள்.

“கிளம்பு. பீச் மரச் சாலை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம். கூரையைத் திறந்துக்கோ.”

“எதுல போறது?”

“மாட்டு வண்டியிலயா கூப்பிடறேன்? நம்ம கார்லதான்.”

“இன்னிக்குத் தேதி மூணு, கெசீனெ. பலகையில பத்துன்னு போட்டிருக்கு.”

“பலகைக்கா கண்ணு போகுது? எனக்குல்ல போகுது.”

(இவர்கள் தங்கள் மொழியில்தான் பேசினார்கள். என் காதில் இப்படித்தான் விழுகிறது.)

கெசீனெயின் பார்வை இரண்டு வருடமாக ஓரங்களிலிருந்து குறுகிக்கொண்டே வந்தது. அடுத்த கோடை வரை தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாக்கை வோல்க்மார் சட்டப் புத்தகம் மாதிரி நம்பினார்.

“சின்னக் கார்ல கூட்டிட்டுப் போறேன், வா.”

“அதுல தலைக்கு மேல தகரம்ல இருக்கு! கேளுப்பா. எனக்கு இப்ப நடுவுல ஒரு தட்டு அளவுக்குத்தான் தெரியுது. தலையைப் பின்னால சாய்ச்சா அந்தத் தட்டு முழுக்க மஞ்சளா இருக்கும். அது போதும் எனக்கு. அடுத்த வாரம் காத்தடிச்சா எல்லாம் கொட்டிடும்.”

வோல்க்மார் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார். நாற்பது வருடம் நகராட்சியில் அனுமதிச் சீட்டு கொடுத்த மனிதர். சாலை காலியாக இருந்தாலும் சிவப்பு விளக்குக்கு நிற்பவர். ஆனாலும் சாவியை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் போனார். மூடுதுணியின் ஒரு மூலையைத் தூக்கியும்விட்டார்.

அப்போதுதான் பக்கத்துக் கராஜிலிருந்து ப்ரூன்ஸ் வந்தார். ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி.

“என்ன, எடுக்கலாமா வேண்டாமான்னு யோசனையா?” என்றார்.

“அவ ரொம்ப ஆசைப்படறா. இருபது நிமிஷ வேலை. நீங்க என்ன சொல்றீங்க?”

“வழியில ஏதாவது ஆச்சுன்னா காப்பீட்டுக்காரன் கையை விரிச்சிடுவான். இந்தக் குளிர்ல கூரையை மடிச்சா பின்பக்க பிளாஸ்டிக் கண்ணாடி வேற விரிசல் விட்டுடும். ஏப்ரல்ல போங்களேன். மரம் எங்க ஓடிடப் போகுது?”

வோல்க்மார் சாவியைப் பையில் போட்டார். பிறகு துணியை இறக்கிவிட்டார்.

4

ப்ரூன்ஸ் எனக்கு ஒத்துவரவே இல்லை. ஒரு வரைவில் மீசை வைத்துப் பார்த்தேன். இன்னொன்றில் ஒரு கிழட்டு நாயைக் கையில் பிடிக்கக் கொடுத்தேன். மூன்றாவதில் மனைவியை இழந்தவராக்கி அனுதாபம்கூடத் தேடிக்கொடுத்தேன். மனுஷன் அட்டைப் பொம்மையாகவே நின்றார்.

காரணம் எனக்குத் தெரியும். ப்ரூன்ஸ் என்று யாரும் கிடையாது. பக்கத்துக் கராஜ் என்னுடையது. மூடுதுணியின் மறுமுனையை ஆறு வருடமாகப் பிடிப்பவன் நான். மரம் எங்க ஓடிடப் போகுது என்று சொன்னவனும் நான்தான்.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இந்த ஊரில் இருபத்திரண்டு வருடம் வாழ்ந்து, இந்த ஊர்க்காரர்களைவிட ஒரு படி அதிகமாக விதி பேசக் கற்றுக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். காகிதம் சரியாக இல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்று ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு யாரும் இரண்டாம் முறை சொல்ல வேண்டியதில்லை. வோல்க்மார் என்னிடம் கேட்டபோது, ‘போயிட்டு வாங்க’ என்ற பதிலைத்தான் எதிர்பார்த்தார். எனக்கு அது அப்போதே தெரிந்தது. தெரிந்தும் காப்பீட்டைப் பற்றிப் பேசினேன்.

அதைவிட மோசம், உள்ளே போன வோல்க்மார் என் பெயரைச் சொல்லவில்லை. “நான்தான் வேண்டாம்னு முடிவு பண்ணேன்” என்றாராம். கெசீனெ தலைத்துணியை அவிழ்த்துச் சுருட்டி வைத்தாளாம். அன்றிலிருந்து அவள் அவரைச் ‘சட்டப்புத்தகம்’ என்றுதான் கூப்பிடுகிறாள். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

5

ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். அதில் வோல்க்மார் துணியை உருவி எறிகிறார், கூரையைத் திறக்கிறார். பீச் மரங்களுக்கு அடியில் போலீஸ் மடக்குகிறது. கெசீனெ தலையைச் சாய்த்தபடியே, “அபராதச் சீட்டை நிதானமா எழுதுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்கி—

மேலே எழுத முடியவில்லை. நடக்காததை எவ்வளவு அழகாக எழுதுகிறேனோ அவ்வளவு பெரிய பொய்யாகிறது.

நடந்தது இது. கோடை வரை தாங்கவில்லை. பிப்ரவரியில் அந்தத் தட்டும் மறைந்தது.

ஏப்ரலில் மூடுதுணியை எடுத்தோம். காரில் ஒரு பொட்டுத் துரு இல்லை. முதல் திருப்பிலேயே கிளம்பியது. அதைப் பார்த்து வோல்க்மார் அழுதார். நான் டயரில் காற்று பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பிறகு அவளை அழைத்துப் போனார். வழியில் பேசியதை அவரே சொன்னார்.

“இப்ப மரத்துக்கடியில போறோமா?”

“எப்படிக் கண்டுபிடிச்ச?”

“சத்தம் மாறுதே. மஞ்சளா இருக்கா?”

“ஏப்ரல்ல எப்படி மஞ்சளா இருக்கும்? இன்னும் இலையே வரல.”

“இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவ, சட்டப்புத்தகம்?”

அவரால் சொல்ல முடியவில்லையாம்.

6

கதை எழுதுகிறேன் என்று வாய்தவறி உளறிவிட்டேன். “எங்க கதைதானே? வந்து வாசிச்சுக் காட்டுங்க எழுத்தாளரே” என்று கெசீனெ பிடித்துக்கொண்டாள். ஞாயிறு மதியம், அவர்கள் வீட்டு மேசை, காப்பி, ஆப்பிள் கேக். அவர்கள் மொழியில் பெயர்த்து வாசித்தேன். நம்பர் பலகைக்குச் சிரித்தாள். மாட்டு வண்டிக்கு இன்னும் சத்தமாகச் சிரித்தாள். மூன்றாம் பகுதி முடிந்ததும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“யாரு இந்த ப்ரூன்ஸ்? முப்பது வருஷமா இருக்கேன், இந்தத் தெருவுல அப்படி யாருமே இல்லையே.”

அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த வோல்க்மார் என்னைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். சொல்லாதே என்று. அவள் பார்க்க மாட்டாள் என்பது இருவருக்கும் தெரியும்.

நான்காம் பகுதி என் கையில் இருக்கிறது. அவள் முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருக்கிறாள். இதற்கு மேல் எழுத எனக்குத் துணிவில்லை. நீங்கள் முன்பே படித்துவிட்டீர்கள். நீங்களே சொல்லுங்கள், வாசிக்கட்டுமா?