சுமாக்கும் குடிக்காத காப்பியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது நான் யோசித்து எழுதிய கதை இல்லை. மாதபா என்ற அரபு ஊரில் எங்கள் மேல்மாடியில் இருக்கும் ரனீன் படிக்கட்டில் நின்று இருபது நிமிடம் சொன்னாள். கேட்டுக்கொண்டே திருடிவிட்டேன். நாய் காப்பித்தூள் தின்றால் என்ன செய்வது என்று ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் கல்யாணம் புகுந்துவிட்டது.

2

முதல் தொடக்கம்: "தேவாலய மணிகள் ஒலிக்க, பொன்னிற வெயில் மாதபாவின் மீது..." (போதும். ஊர் எங்கேயும் ஓடிவிடாது. அங்கே நாய் தின்றுகொண்டிருக்கிறது.)

இரண்டாவது: பெண் கேட்டு வந்திருந்தார்கள். ஐம்பது ஆண்கள், பன்னிரண்டு கார்கள். மாப்பிள்ளை நிமருக்காகப் பேச வந்த பெரியவர் அபூ ஜிரியெஸ், கொடுத்த காப்பியை வாயில் வைக்காமல் மேசையில் வைத்தார். அந்த ஊர் வழக்கப்படி, கேட்டது கிடைக்கும்வரை குடிக்கமாட்டார், எழுந்திருக்கவும் மாட்டார். பெண்ணின் அப்பா அபூ சலாமே "தந்தோம், குடியுங்கள்" என்று சொல்லவேண்டும். அதற்குமுன் இரண்டு குலத்தின் பெருமையையும் பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பிப்பார். மனிதருக்கு மைக் இல்லாததுதான் குறை.

சமையலறையில் கல்யாணப்பெண் ரனீன் பாதி மனதோடு இருந்தாள். நிமரைப் பிடிக்கும். ஆனால் அவன் அம்மா, "பொண்ணு வரலாம், நாய் வரக் கூடாது" என்று சொல்லியிருந்தாள். அப்போது நிமர் வாயைத் திறக்கவில்லை. நாய் என்பது சுமாக். ஐந்து கிலோ, அதில் பாதி காது.

3

மேசை முழுக்க இனிப்புத் தட்டுகள். அதனால் காப்பித்தூள் பாக்கெட்டை யாரோ தரையில் வைத்திருந்தார்கள்.*

ரனீன் குனிந்து பார்த்தபோது சுமாக்கின் மூக்கு முழுக்கக் கறுப்பு. பாக்கெட் கிழிந்து கிடந்தது.

"அத்தை! தூளைத் தின்னுடுச்சு!"

"தயிரைக் குடு, சரியாயிடும். இல்லாட்டி உப்புத்தண்ணிய ஊத்து, கக்கிடும்" என்றாள் அத்தை, அப்பாவின் தங்கை. கை வேலையை விடவில்லை.

ரனீன் கால்நடை மருத்துவர் தலாலைப் போனில் கூப்பிட்டாள்.

"எடை எவ்வளவு? எவ்வளவு தின்னுச்சு? எப்போ?"

"அஞ்சு கிலோ டாக்டர். ஒரு பிடிக்கு மேலயே இருக்கும். கால் மணி நேரத்துக்குள்ளதான். அத்தை தயிர், உப்புத்தண்ணிங்குறாங்க."

"உப்புத்தண்ணி வேண்டாம், அதுவே கொன்னுடும். விரலை விடாத, தயிரும் குடுக்காத. நல்லாத்தானே இருக்குன்னு பாத்துட்டு நிக்காத, நடுங்க ஆரம்பிச்சா கஷ்டம். பாக்கெட்டோட இப்பவே தூக்கிட்டு வா."

(கட்டுரை இங்கே முடிந்தது. பத்திரிகைக்காரர்கள் இதுவரை கத்தரித்துக்கொள்ளலாம்.)

4

கிளம்புவது எப்படி? வாசலை அடைத்து நின்றது அபூ ஜிரியெஸின் கார். அவரோ காப்பி குடிக்காமல் எழமாட்டார். அபூ சலாமே அப்போதுதான் தன் கொள்ளுத்தாத்தாவின் குதிரைக்கு வந்திருந்தார்.

இந்த இடத்தில் முதலில் ரனீனை அழவைத்தேன். படிக்கட்டில் நிறுத்தி அவளிடம் வாசித்துக் காட்டியதற்கு, "நான் எப்போ அழுதேன்?" என்று முறைத்தாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

நாயை ஒரு கையிலும் பாக்கெட்டை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்களுக்கு நடுவே நடந்தாள். பாக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கி, மேசையில் இருந்த கோப்பையை எடுத்தாள். ஒரே மடக்கு. கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"காப்பி தீந்துடுச்சு மாமா. வண்டியை எடுங்க, நாய் செத்துடும்."

அபூ ஜிரியெஸ் அறுபது கல்யாணம் பேசி முடித்தவர். கவிழ்ந்த கோப்பையை நிமிர்த்தி உள்ளே பார்த்தார்.

"அப்போ பொண்ணு கிடைச்சாச்சா, இல்லையா?" என்றார் ஒருவர்.

"கேட்டவருதானே குடிக்கணும்!" என்றார் இன்னொருவர்.

"நான் இன்னும் பேசியே முடிக்கலையே" என்றார் அபூ சலாமே பரிதாபமாக.

நிமர் எழுந்தான். (முதல் வரைவில் இவனைக் கோழையாக எழுதியிருந்தேன், உட்கார்ந்தே இருந்தான். கதைக்கு அதுதான் வசதி. நடந்தது வேறு.) "சாவியைக் குடுங்க மாமா" என்று பெரியவரின் சட்டைப்பையில் தானே கையை விட்டான்.

5

நாயைச் சாகடித்தால் கதைக்குக் கனம் கூடும் என்று எனக்கும் தெரியும். அந்த மாதிரிக் கனம் எனக்கு வேண்டாம்.

மருத்துவமனையில் தலால் ஊசி போட்டுக் கக்கவைத்தார். பாதி தரையில், பாதி நிமரின் புது கோட்டில். பிறகு விஷத்தை உறிஞ்சக் கரி மருந்து. அந்தக் கோட்டு அன்றே ஓய்வு பெற்றது. ஆனாலும் சுமாக்குக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ரனீனுக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள்.

நிமர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நாயின் விலாவில் கையை வைத்தான்.

"ரனீன், அந்தக் காப்பியை நீ ஏன் குடிச்ச? சம்மதம்னா, இல்ல அவசரத்துக்கா?"

"முதல்ல துடிப்பை எண்ணு. நிமிஷத்துக்கு நூத்தறுபதுக்கு மேல போனா டாக்டரைக் கூப்பிடு."

அவன் எண்ண ஆரம்பித்தான்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. சம்மதம் என்பவர்கள் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், இல்லை என்பவர்களும் எழுதிக்கொள்ளுங்கள். மாமியாரைச் சமாளிப்பது உங்கள் பாடு. ஆனால் அவன் எண்ணி முடிக்கும்வரை பொறுங்கள். நடுவில் பேச்சுக் கொடுத்தால் கணக்கு தவறிவிடும்.

____
* வைத்தது யார் என்று இன்றுவரை அந்த வீட்டில் சண்டை. எனக்குத் தெரியும். அத்தை இதைப் படிப்பாள்.