நின்றுவிட்ட நடைப்பிணம்

பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்தவள் இறந்த வாரத்திலிருந்து, பத்தொன்பது வயதில் தான் நடைப்பிணமாக நடித்த கறுப்பு வெள்ளைப் படத்தில், மற்றப் பிணங்களோடு சேர்ந்து நடப்பதை நிறுத்திக்கொண்டாள். வீட்டில் இருந்த டிவிடி தகட்டில் மட்டுமல்ல, உலகத்தில் அந்தப் படத்துக்கு எத்தனை பிரதிகள் உண்டோ அத்தனையிலும் அப்படித்தான். ஆற்றிலிருந்து எழுந்த கூட்டம் கரையேறிப் போய்க்கொண்டிருக்கும். அவள் மட்டும் கணுக்கால் தண்ணீரில், அக்காவிடம் இரவல் வாங்கிய மழைக்கோட்டின் பைகளில் கைகளை விட்டபடி, இடது பக்கம் எதையோ பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அவளுடைய கணவர் கல்லூரியில் சினிமாப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மாணவர்கள் அவரைப் பிண வாத்தியார் என்பார்கள். அது அவருக்குத் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்த ஒரு படத்தைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். கதை சிறியது. கடைசிப் படகைத் தவறவிட்ட ஐந்து பேர் படகுத்துறையின் காத்திருப்பு அறைக்குள் அடைந்துகொள்கிறார்கள். மூழ்கிச் செத்தவர்கள் ஆற்றிலிருந்து எழுந்து வந்து அறையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். வாத்தியார் கண்டுபிடித்துச் சொன்னது, பிணங்கள் ஒரு தடவைகூடக் கதவைத் தட்டுவதில்லை என்பது. சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று உள்ளே இருப்பவர்கள்தான் அடித்துக்கொண்டு சாகிறார்கள். உயிருள்ளவர்களைக் கேமரா கூரையிலிருந்து, பெட்டிக்குள் கிடக்கும் பூச்சிகளைப் போலக் காட்டுகிறது. பிணங்களை மட்டும் கண்ணுக்கு நேராக நின்று, மரியாதையாகப் பார்க்கிறது. வண்ணத்தில் எடுத்திருந்தால் யார் செத்தவர் என்று தோல் காட்டிக்கொடுத்திருக்கும், சாம்பல் நிறத்தில் இரண்டு தரப்பும் ஒன்று என்றும் எழுதினார். இதையெல்லாம் பிறகு வந்தவர்கள் அவர் பெயரைச் சொல்லியும் சொல்லாமலும் எடுத்தாண்டார்கள்.

அவளை அவர் சந்தித்ததும் அந்தப் புத்தகத்துக்காகத்தான். கூட்டத்தில் நடித்தவர்களைத் தேடிப் போனபோது அவள் பல் மருத்துவமனை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். “என்கிட்ட சொல்ல என்னங்க இருக்கு? நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். சாயங்காலம் எல்லாரையும் ஏத்திட்டு வந்த லாரி என்னை விட்டுட்டுப் போயிடுச்சு. ஈரக் கோட்டோட ரொம்ப நேரம் நின்னேன். யாரும் வரல. அப்புறம் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.” அவர் முதல் பாதியைக் குறித்துக்கொண்டார். லாரி ஆராய்ச்சிக்கு உதவாது என்று விட்டுவிட்டார். அடுத்த ஆண்டு கல்யாணம் நடந்தது. அதற்கடுத்த ஆண்டு மகள் பிறந்தாள். வேலை முடிந்து வந்து, சமைத்து, அவருக்குத் தட்டை அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, அவள் சமையலறையில் தனியாகச் சாப்பிட்டாள். அறைக்குள் ஓடும் படத்திலிருந்து ஆற்றுத் தண்ணீரின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். புத்தகத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததும் அவள்தான். இந்தக் கூட்டத்துக்கு முகம் கிடையாது என்று தொடங்கும் வரிக்கு வந்தபோது கையை எடுத்தாள்.

“முகமே கிடையாதுங்களா?”

“கூட்டத்தைச் சொன்னேன். உன்னையா சொன்னேன்?”

“கூட்டத்துல நான் எதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம என்ன. இடது ஓரம். அந்தக் கோட்டை வச்சே சொல்லிடுவேன்.”

அவள் சிரித்துவிட்டு மீதியைத் தட்டச்சு செய்தாள். அப்படியே முப்பது வருஷம் ஓடிப்போயிற்று. பிறகு ரத்தத்தில் கிருமி என்று படுத்தவள், துணி துவைக்கும் இயந்திரத்தில் போட்ட துணியை எடுத்துக் காயப்போடக்கூட வீடு திரும்பவில்லை.

அவள் நிற்பதை முதலில் பார்த்தது மகள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. சாம்பல் நிறத்தில் எது சரி, எது கோளாறு என்று பார்த்துப் பழகியவள். அம்மாவைச் சமையலறையில் தனியாக உட்கார வைத்த படம் என்ற கோபத்தில் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. அம்மாவின் இளவயதுப் புகைப்படம் ஒன்றும் கிடைக்காததால்தான் போட்டுப் பார்த்தாள். அப்பாவுக்கு போன் செய்து, “அம்மா ஏன்பா நிக்கறா?” என்றாள். “சரியாப் பாரு, நடப்பா” என்றார் அவர். போட்டுப் பார்த்தார். நின்றாள்.

படத்தை வெளியிட்ட நிறுவனம் தகடுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு புதிதாகப் பதித்தது. புதியதிலும் நின்றாள். கடைசியில் அட்டையின் பின்பக்கம், ஓடும் நேரத்துக்குக் கீழே, ஒரு பிணம் நிற்பது குறையல்ல என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். கீழ்ப்படிய மறுப்பு என்றார் ஒருவர், களைப்பு என்றார் இன்னொருவர். பதிப்பாளர் வாத்தியாரிடம் புது அத்தியாயம் கேட்டார். இவர் எழுதி எழுதிக் கிழித்தார். ஒரு திரைப்படச் சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண் யார் என்று யாரோ கேட்டார்கள். “துணை நடிகை” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். பேச்சை முடிக்காமலே உட்கார்ந்துவிட்டார்.

அன்று அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட மகள் படத்தை மறுபடி போட்டாள். “அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு? அம்மா அங்கேயேதான பாக்கறா.”

கேமரா எங்கே நின்றது, விளக்கு எங்கே இருந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இடது பக்கம் சட்டகத்துக்கு வெளியே என்ன இருந்தது என்று யோசித்தார். யோசிக்க வேண்டியதே இல்லை. “லாரி நின்ன எடம்” என்றார்.

மழைக்காலத்தில், மகளிடமும் சொல்லாமல், பஸ் மாறிப் பஸ் ஏறி அந்தப் படகுத்துறைக்குப் போனார். ஆற்றுக்குக் குறுக்கே பாலம் வந்துவிட்டிருந்தது. காத்திருப்பு அறையில் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார்கள். கேமரா இருந்த இடத்தைக் கணக்குப் போட்டு, அதற்கு இடது பக்கம் சேற்றில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். டயர்க் கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

“யாருக்குங்க நிக்கறீங்க? படகெல்லாம் நின்னு வருஷக்கணக்காச்சு.”

“வீட்டுக்காரிக்கு.”

“வர லேட்டாகுங்களா?”

“அவ அப்பவே வந்துட்டா. நான்தான் லேட்டு.”

கடைக்காரர் ஒரு டயரைப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. பொழுது சாயும்வரை ஆறு ஓடியது, மழை பெய்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. செருப்பில் ஒன்றைச் சேற்றில் விட்டுவிட்டு, காய்ச்சலோடு வீடு வந்து சேர்ந்தார்.

மகள் கஞ்சி வைத்துக் கொடுக்க வந்தவள், அப்பாவின் அறையிலேயே தட்டோடு உட்கார்ந்துகொண்டாள். படம் ஓடியது. பிணங்கள் கரையேறின. அவள் மட்டும் தண்ணீரில் நின்றாள். அப்போது சட்டகத்தின் இடது ஓரத்தில் ஒரு குடையின் விளிம்பும், அதற்குக் கீழே ஒரு கிழவரின் தோளும், ஒரு வெறுங்காலும் தெரிந்தன. படம் எடுக்கப்பட்டபோது அந்தத் தோளுக்குரியவர் மீசை அரும்பிய பள்ளி மாணவர். அவள் கோட்டுப் பையிலிருந்து கைகளை எடுத்தாள். கண்ணில் விழுந்த முடியை ஒதுக்கினாள். தண்ணீரைவிட்டு ஏறி, காத்திருப்பு அறைப் பக்கம் திரும்பாமல், குடைக்குள் போய்ச் சேர்ந்துகொண்டாள். தோள் நகர்ந்தது. இருவரும் சட்டகத்தைவிட்டு வெளியேறினார்கள். ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நிறுவனம் அட்டையிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டது. புத்தகத்தின் புதிய பதிப்பில் முகம் பற்றிய வரி இல்லை. அதன் இடத்தில் வேறு எதுவும் எழுதப்படவும் இல்லை. இப்போது அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், ஒரு பெண் பிணம் கூட்டத்தைவிட்டு ஒரு கிழவரோடு போவதை, கதையில் அப்படித்தான் போல என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

வாத்தியார் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். மகள் லீவு நாட்களில் வந்து கூட உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவாள். ஒருநாள், இருவரும் ஓரத்தில் மறைந்த பிறகு கேட்டாள்.

“அங்கேயிருந்து ரெண்டு பேரும் எங்கப்பா போறீங்க?”

அவர் வெறும் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தெரியலம்மா. கேமரா அந்தப் பக்கம் திரும்பல.”

“சரி” என்றாள் மகள்.