மடித்துத் தேய்த்த வீடு

1
இந்தக் கதை ஒரு சோம்பேறித்தனத்தில் பிறந்தது. சோம்பேறித்தனம் என் கதாபாத்திரத்துடையது. பதினாறு வயது, ஆரணிக்காரி, பெயர் கலைமகள் என்று வைத்திருக்கிறேன். [பயம் மட்டும் என்னுடையது.]

முதல் தொடக்கம்: ‘நூறு வருடத்து ஓட்டு வீடு கம்பீரமாக நின்றது.’ வேண்டாம். அது சரியாக நிற்கவில்லை என்பதுதான் கதையே.

2
பள்ளிப் போட்டிக்காகக் கலைமகள் அந்த வீட்டைப் பென்சிலில் வரைந்தாள். நடுவில் வாசல், இருபுறமும் ஒரே மாதிரி மரத்தூண், ஜன்னல். அவள் அப்பா பழனி பட்டுச்சேலைக்கு டிசைன் போடுபவர். கட்டம் போட்ட கிராஃப் தாளில் பாதித் தாமரைதான் வரைவார். மறுபாதி தறியில் தானே திரும்பி விழும். அந்தப் பழக்கத்தில் இவளும் இடப்பக்கத்தை மட்டும் வரைந்து, தாளை மடித்துத் தேய்த்து, வலப்பக்கத்தில் அச்சு இறக்கிவிட்டாள்.

வலப்பக்கச் சுவர் வயிறு தள்ளி நிற்பதை அவள் பார்க்கவே

[பார்த்தாள். பொய் எழுத வரவில்லை.]

முதல் பரிசு. செய்தித்தாளிலும் படம் வந்தது.

3
அந்த வீட்டின் வலப்பக்கத்தில் வாடகைக்குக் குடியிருக்கும் குணசுந்தரி அவளைத் தெருவில் நிறுத்தினாள்.

“ஏம்மா கலை, உன் படத்த பேப்பர்ல பாத்துட்டாரும்மா ஓனரு. மெட்ராஸ்லருந்து போன் போட்டு கத்திகினு கீறாரு.”

“இன்னாக்கா சொன்னாரு?”

“செவுரு சாயுதுன்னு போட்டோ அனுப்பிச்சேன் இல்ல? ‘நீ போன கோணலா புடிச்சி எடுத்துகீற. அந்தப் பொண்ணு வரைஞ்சதுல நேராத்தான கீது’ன்றாரு. ரிப்பேரு கெடையாதாம். நல்லா வரைஞ்ச போ!”

சிரித்தாள். கலைமகள், “தேங்க்ஸ்க்கா” என்றாள்.

[இந்த வசனத்தை நான்கு முறை மாற்றிப் பார்த்தேன். அவள் சொன்னது அதுதான்.]

4
மழை பிடித்துக்கொண்டது. முடிவுகள்:

அ) மழை விடுகிறது. சுவர் நிற்கிறது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. (என் ஆசை.)

ஆ) சுவர், அதையொட்டிப் படுத்திருக்கும் குணசுந்தரியின் இரண்டு பிள்ளைகள் மேல்

இ) கலைமகள் ஓனருக்குப் போன் செய்கிறாள். “சார், அந்தப் பாதிய நான் பாத்து வரையல சார்.” பரிசு போகிறது. பள்ளிக்கூடமே சிரிக்கிறது.

மூன்றாவதை நான்கு பக்கம் எழுதினேன். முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அதுதான் பயமாக இருக்கிறது. நான் எழுதியதால் ஓனருக்குத் தெரிந்துவிடாது. குணசுந்தரி அக்கா இப்போதும் சுவரோரம்தான் பாய் விரிப்பாள்.

நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். அக்காவையும் பிள்ளைகளையும் முதலில் அந்த அறையிலிருந்து எழுப்ப வேண்டும். போன் அப்புறம்.

“இந்த மழைல எங்கடி போற?” என் அம்மா கேட்கிறாள்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை.