கொக்கியில் உட்கார்ந்திருப்பவர்

கிரேன் ஓட்டுகிறவர் ஒருவர், கம்பிக் கட்டு ஒன்றைப் பாதி வானத்தில் நிறுத்திவிட்டுப் பன்னிரண்டு நிமிஷம் சும்மா இருந்தார். கீழே, ஓரமாக நின்ற கம்பெனி டைரக்டர் கழுத்து நோகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்தவரிடம் காரணம் கேட்டார். காற்று, கோளாறு என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். மனிதர் உண்மையைச் சொன்னார்.

"கொக்கியில சாமி வந்து உட்கார்ந்தாரு சார். அவர் உட்கார்ந்தா நான் நகர்த்த மாட்டேன்."

டைரக்டர் விரல்களில் மூன்று மோதிரங்கள். ஒன்று வியாபாரத்துக்கு, ஒன்று உடம்புக்கு, இன்னொன்று பங்காளிகளின் கண்ணுக்கு. ஜோசியரைக் கேட்காமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாதவர். அவருக்கே இது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மனநல மருத்துவரிடம் தகுதிச் சான்றிதழ் வாங்கி வரும்வரை கிரேன் பக்கம் தலைகாட்டக் கூடாது என்றார். பத்தொன்பது வருஷமாக ஒரு விபத்துகூட இல்லாத ஓட்டுநர் மறுநாள் காலையில் போக இடமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

டாக்டர் பெரிய ஆள். 'நம்பிக்கை என்னும் நோய்' என்ற சொற்பொழிவை முப்பத்து நான்கு ஊர்களில் நிகழ்த்தி, முப்பத்து நான்கிலும் ஒரே இடத்தில் கைதட்டு வாங்கியவர். கிரேன்காரரையும் அவர் மனைவியையும் எதிரே உட்காரவைத்துக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அவரை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல சார். பார்க்கலை. ஆனா இருக்காருன்னு தெரியும்."

"பேசினாரா?"

"அவர் ஏன் சார் என்கிட்ட பேசறாரு? வேலை நேரத்துல."

"கொக்கியில உட்கார்ந்தா, எடை காட்டுற மீட்டர்ல ஏறுமே?"

கிரேன்காரர் டாக்டரை ஒரு மாதிரி பார்த்தார். "சாமிக்கு ஏது சார் எடை?"

டாக்டர் பேனாவை மேசையில் தட்டினார். "மேல யாரும் இல்லை. அறிவியல் அதைச் சொல்லியாச்சு."

"மேல நான்தான் சார் இருக்கேன். தினம் எட்டு மணி நேரம்."

முப்பத்து நான்கு ஊர்களிலும் யாரும் இப்படிச் சொன்னதில்லை. டாக்டர் சான்றிதழ்ப் படிவத்தைப் பார்த்தார். ஒன்பதாவது கேள்வி: இந்த நம்பிக்கையை அவரைச் சேர்ந்த மக்களும் பகிர்ந்துகொள்கிறார்களா? ஆம் என்றால் அது மதம். கை வைக்கக் கூடாது. இல்லை என்றால் பிரமை. மாத்திரை கொடுக்க வேண்டும். கிரேன் ஏற முடியாது. டாக்டர் இதை விளக்கினார்.

கிரேன்காரரின் மனைவி கவனமாகக் கேட்டுக்கொண்டாள். "எத்தனை பேரு வேணும் டாக்டர்?"

"என்னம்மா?"

"மக்கள்னு போட்டிருக்கே. எத்தனை பேரு நம்பினா மக்கள்?"

டாக்டர் தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினார். அதில் எண்ணிக்கை இல்லை. இத்தனை வருஷத்தில் அதைத் தேடத் தோன்றவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது. "ஒரு... பத்துப் பேராவது இருக்கணும்" என்று குத்துமதிப்பாகச் சொல்லிவைத்தார்.

அடுத்த வாரம் அவள் பதினொரு பேருடன் வந்தாள். ஒருவர் கூடுதலாக இருக்கட்டும் என்றாள். எல்லோரும் கட்டட வேலைக்காரர்கள். தலைவர், கீழிருந்து சுமையைக் கொக்கியில் மாட்டுகிறவர். 'முடிச்சு' என்று பட்டப்பெயர்.

"நாங்க எல்லாருமே பார்த்திருக்கோம் டாக்டர்" என்றார் முடிச்சு. "கால்மேல கால் போட்டு ஜம்முன்னு உட்கார்ந்திருப்பாரு."

"நின்னுக்கிட்டு இருப்பாருண்ணே" என்றார் கொத்தனார்.

"யோவ், உட்கார்ந்துதான்யா இருப்பாரு."

"நீ கீழயிருந்து பார்த்தே. நான் ஏழாவது மாடியில இருந்து பார்த்தேன். நின்னாரு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"நான் அப்படிச் சொல்லலை. உன் கண்ணுல கோளாறுன்னு சொல்றேன்."

ஐந்து நிமிஷத்துக்குள் அறை இரண்டாகப் பிரிந்தது. உட்கார்ந்தவர் கட்சியினர் ஆறு பேர் ஜன்னல் பக்கமும், நின்றவர் கட்சியினர் நான்கு பேர் கதவுப் பக்கமும் ஒதுங்கினார்கள். தச்சர் ஒருவர் மட்டும், உட்கார்ந்தாலும் நின்றாலும் ஒருவரேதான் என்று சமாதானம் பேசி இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார். போன வாரம் ஒரு மனிதனின் பிரமையாக இருந்தது, இந்த வாரம் எல்லா லட்சணங்களும் பொருந்திய மதமாக எதிரே நின்று சண்டை போட்டது.

படிவத்தில் 'ஆம்' என்று எழுதப் பேனாவை எடுத்தபோது, மூலையிலிருந்த கிரேன்காரர் எழுந்தார்.

"எழுதாதீங்க சார். இவங்க யாரும் பார்க்கலை. எனக்கு வேலை போயிடுமேன்னு பொய் சொல்றாங்க."

"சும்மா இருங்க!" மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஊரே சேர்ந்து உங்களைத் தெளிவாக்கப் பார்க்குது. நீங்களே குழப்புறீங்களே."

"அவர் விஷயத்துல பொய் வேண்டாம்டி."

டாக்டர் பேனாவை மூடினார். பொய் சொல்கிற பதினொரு பேரும் படிவத்தின்படி தெளிவானவர்கள். உண்மை பேசுகிற ஒருவர் நோயாளி. இதில் எங்கோ ஒரு தப்பு இருக்கிறது, ஆனால் தப்பு யாரிடம் என்றுதான் பிடிபடவில்லை. படிவத்திடமா, தன்னிடமா? நேரில் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்.

டைரக்டர் சம்மதித்தார். மறுநாள் காலை கிரேன்காரர் மேலே ஏறினார். கம்பிக் கட்டு கொக்கியில் மாட்டப்பட்டு மெல்ல எழும்பியது. கட்டட வேலைக்காரர்கள் கூடினார்கள். கொக்கியை நன்றாகப் பார்க்கும் ஆர்வத்தில் டாக்டர் நாலடி முன்னால் போனார், டைரக்டரும் போனார், மற்றவர்களும் போனார்கள்.

கட்டு சட்டென்று நின்றது.

"வந்துட்டாரு!" என்று கத்தினார் முடிச்சு.

எல்லோரும் சிதறி ஓடினார்கள். சிமென்ட் மூட்டைக் கொட்டகைக்குள் முதலில் நுழைந்தவர் டாக்டர். ஓட வேண்டும் என்று அவர் முடிவெடுத்ததாக நினைவில்லை. கால்கள் தாமாகப் போயிருந்தன. இரண்டாவதாக வந்த டைரக்டர் மோதிரங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

எதுவும் விழவில்லை. முடிச்சின் கையிலிருந்த வாக்கிடாக்கி கரகரத்தது.

"அண்ணே, அவர் இன்னைக்கு வரலை. நீங்க எல்லாரும் சுமைக்கு அடியில வந்து நின்னீங்க. அதான் நிறுத்தினேன்."

டாக்டர் மூச்சுவிட்டார். இது அறிவு. சுத்தமான, கைதட்டு வாங்கக்கூடிய அறிவு. கொட்டகையிலேயே ஒரு மூட்டைமேல் படிவத்தை வைத்து, ஒன்பதாவது கேள்விக்கு 'பொருந்தாது' என்று எழுதி, 'வேலைக்குத் தகுதியானவர்' என்று கையெழுத்திட்டார். டைரக்டர் அதை வாங்கிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

இறங்கி வந்த கிரேன்காரர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கும்" என்றார் டாக்டர். "அடியில ஆள் நிக்கிறதை உங்க மனசு கவனிச்சிருக்கு. அதுக்கு நீங்க சாமின்னு பேர் வச்சிருக்கீங்க."

"போன தடவை அடியில யாருமே இல்லையே சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னைக்கு அவர் வரலை. அப்ப எனக்குச் சரியாயிடுச்சா? இல்ல, கெட்டுப்போச்சா? இனிமே தினம் நான் மட்டும்தான் மேல இருக்கணுமா?"

டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அவர் வந்தா... நிறுத்திடுங்க."

"அதையும் சான்றிதழ்ல எழுதிக் குடுத்துடுங்க டாக்டர்" என்றாள் மனைவி.

"அதெல்லாம் எழுதக் கூடாதும்மா. எழுதினா அப்புறம் எனக்கு யார் சான்றிதழ் குடுக்கிறது?"

சங்கு ஊதியது. கிரேன்காரர் ஏணியில் ஏறத் தொடங்கினார். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று கொக்கிப் பக்கம் பார்த்தார். கீழே டாக்டரும், கையை நெற்றியில் வைத்து, கண்ணைச் சுருக்கி, அதே திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது தெரியுதா டாக்டர்?" என்று கேட்டாள் அவள்.

"வெயில் கூசுதும்மா" என்றார் டாக்டர். கையை எடுக்கவில்லை.