மெஷின் நின்ற நேரம்

தலத்தெருவில் ஹமீது நடத்திய கூடத்தில், மதராஸ் கம்பெனி ஒன்றின் காசநோய் மாத்திரைகளைப் பொதிந்து கொடுக்கும் வேலை நடந்துவந்தது. பட்டினச்சேரியிலிருந்து வரும் அஞ்சுகம் அங்கே நான்கு வருஷம் மாத்திரைகளைக் கையால் எண்ணிப் புட்டியில் அடைத்தவள். 1983இல் பம்பாயிலிருந்து மெஷின் வந்து முதன்முதலாக ஓடியபோது அவள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். மேலேயிருந்து இரண்டு அலுமினியத் தாள்கள் இறங்கின. நடுவில் மாத்திரைகள் வரிசையாக விழுந்தன. சூடான இரண்டு உருளைகள் தாள்களைச் சேர்த்து ஒட்ட, பத்துப் பத்து மாத்திரையாகப் பட்டைகள் கீழே வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"இதுக்குக் கண்ணு எங்க இருக்கு?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்தான்.

ஆறு மாதத்தில் அந்த மெஷினை ஓட்டுகிறவள் அவளே ஆனாள்.

மறு வருஷம் மதராஸிலிருந்து கடிதம் வந்தது. ஆயிரம் பட்டைக்கு இவ்வளவு என்ற கூலியைக் குறைக்கிறோம். கட்டுப்படியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம். ஹமீது இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவரே வந்து மெஷினின் வேகத்தைக் கூட்டி வைத்தார். பட்டைகளின் ஒட்டைப் பார்க்க மணிக்கு ஒருமுறை நடந்த சோதனையும் இனி நாளுக்கு ஒருமுறை போதும் என்றார்.

அன்று பதினொரு மணிக்கு அஞ்சுகம் ஒரு பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள். உருளை அழுத்திய கட்டம் கட்டமான தடம் வழக்கம்போல் விரலில் தட்டுப்படவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. மெஷினை நிறுத்திவிட்டாள்.

சத்தம் நின்றதும் ஹமீது ஓடி வந்தார்.

"யாரைக் கேட்டு நிறுத்துன? லாரி வாசல்ல நிக்குது!"

"இந்த வேகத்துல ஒட்டு சரியா விழலைங்க மொதலாளி. ரோசலி அக்காவைச் சோதிக்கச் சொல்லுங்க."

சோதனை பார்க்கும் ரோசலி, ஆறு பட்டைகளைக் கண்ணாடிக் குடுவையில் நீலத் தண்ணீருக்குள் அமுக்கி, பம்பை வைத்துக் காற்றை இழுத்தாள். பட்டைகளிலிருந்து சரஞ்சரமாகக் குமிழிகள் கிளம்பின. காற்றைத் திரும்ப விட்டு, எடுத்துப் பிரித்துப் பார்த்தால் நான்கில் மாத்திரைகள் நீலமாகக் கரைந்திருந்தன.

"யா அல்லாஹ்" என்றார் ஹமீது. "நம்ம ஊரு உப்புக் காத்துல இது ஒரு மாசம் தாங்காதே." காலையிலிருந்து கட்டிய பதினோரு பெட்டிகளையும் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், வெறும் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து ஒரு டிரம்மின்மேல் உட்கார்ந்தார். "வேகத்தைக் கூட்டலைன்னா கூடத்தை மூட வேண்டியதுதான்மா."

அஞ்சுகம் தயங்கினாள். பிறகு கதவைச் சாத்தி அதன் உள்பக்கத்தைக் காட்டினாள். சாக்பீஸ் கோடுகள், நாளுக்கு ஒரு வரிசையாக.

"மெஷின் அஞ்சு நிமிஷம் நின்னா ஒரு கோடுங்க. நேத்து முப்பத்தெட்டு."

ஹமீது விரல் வைத்து எண்ணினார். எட்டு மணி நேரத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் மெஷின் சும்மா நின்றிருந்தது.

"ஏன் நின்னுச்சு?"

"சாப்பாட்டுக்குப் போறப்ப அணைச்சிடுறோம், திரும்பச் சூடேற முக்கா மணி ஆகுது. மாத்திரை டிரம் பின்கட்டுலேருந்து வர்ற வரைக்கும் காத்திருக்கோம். தாள் சுருள் தீந்தப்புறம்தான் அடுத்ததைப் பிரிக்கவே போறோம். ஓடுற வேகத்துல கொறை இல்லைங்க."

ஹமீது எழுந்து வேகத்தைப் பழைய அளவுக்குத் திருப்பினார். அந்தக் கோடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தன் கூடத்தின் உள்ளே இப்படி ஒன்று இருந்ததை இன்றுதான் கண்டவர்போல நின்றார்.

திங்கட்கிழமையிலிருந்து டிரம்கள் முன்கூட்டியே வந்தன. முறை வைத்துச் சாப்பிடப் போனார்கள். மணிக்கொரு சோதனையும் திரும்ப வந்தது. அன்று மாலை ரோசலி பெட்டிகளை எண்ணிவிட்டு, நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். முந்தைய வாரத்தின் எந்த நாளையும்விட ஒன்பது பெட்டி கூடுதல்.

ஹமீது மதராஸுக்கு டிரங்க்கால் போட்டார். "நீங்க சொன்ன கூலிக்கே செய்யிறோம். முடியும்" என்றார். எப்படி என்று மறுமுனையில் கேட்டிருக்க வேண்டும். அவர் தன் அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் நின்ற அஞ்சுகத்தைப் பார்த்தார்.

"எங்க மெஷின் ஆபரேட்டர் அம்மா கண்டுபுடிச்சாங்க" என்றார்.